ஓபரா ஹவுஸ்: முழுமையில்லாத தாளுக்கு முதல் பரிசு

சிட்னியில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் ஓபரா ஹவுஸ் தவறாமல் வந்துவிடுகிறது. அதன் முதல் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

1956இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு உலகளாவிய போட்டி ஒன்றை அறிவித்தது. 200க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. 1957 ஜனவரியில் டென்மார்க் நாட்டு யோர்ன் உட்சன் வென்றார். அவர் அதுவரை சிட்னியைப் பார்த்ததே இல்லை. பொறியாளர் யாரிடமும் கேட்காமல், கையால் வளைத்து வரைந்த கூரைகள் அவை. படங்கள் மிக எளிமையானவை என்று நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள். பரீட்சைத் தாளாக இருந்தால் "விடை முழுமையில்லை" என்று நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்! நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென், அப்போது நியூயார்க் விமான நிலையத்துக்கு வளைந்த கான்கிரீட் கூரை வரைந்துகொண்டிருந்தவர். அவருக்கு இது பிடித்ததில் வியப்பில்லை.

தேர்வு சரிதான். தவறு அடுத்த படியில் நடந்தது. கூரையின் கணக்கு முடியும் முன்பே, 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தாமதித்தால் திட்டமே கைவிடப்படும் என்று மாநிலப் பிரதமர் ஜோசப் காஹில் அஞ்சினார். அந்த அச்சமும் பொய்யல்ல. அக்டோபரிலேயே அவர் இறந்துபோனார். ஆனால் எழுப்பிய தூண்கள் பின்னால் கூரையின் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

கூரைக்கு நீள்வட்டம், பரவளையம் என்று பல வடிவங்களை முயன்றார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி அச்சு தேவைப்பட்டது, செலவு கட்டுப்படியாகவில்லை. 1961இல் விடை கிடைத்தது: எல்லாக் கூரைகளும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக இருக்கட்டும். ஓர் ஆரஞ்சை உரித்து, தோல் துண்டுகளைப் பேரப்பிள்ளைகளுக்கு நிறுத்திக் காட்டுங்கள், சட்டென்று புரியும். வளைவு எங்கும் ஒன்றே என்பதால் அதே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. எனக்கு இதுதான் அந்தக் கட்டடத்தின் உண்மையான பிறந்த ஆண்டு.

70 லட்சம் டாலர் மதிப்பீடு கடைசியில் 10.2 கோடியானது. புதிய அரசுடன் பணத்தகராறு முற்றி, 1966இல் உட்சன் விலகினார். 1973இல் திறப்பு விழா நடந்தது. 2008இல் மறையும்வரை அவர் சிட்னிக்குத் திரும்பவே இல்லை.