130 கோடி வோல்ட்: ஓர் எண் பிறந்த கதை

உத்திரமேரூர்ப் பக்கம் இடி இடித்தால் பெரியவர்கள் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்பார்கள். மறுநாள் காலை, ஏரிக்கரையில் தலை கருகி நிற்கும் பனையைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவோம். இடிமேகத்துக்குள் எத்தனை வோல்ட் இருக்கும் என்று அன்று கேட்டிருந்தால், எங்கள் ஊரில் மட்டுமல்ல, உலகத்திலேயே உறுதியாகச் சொல்ல ஆள் கிடையாது.

ஸ்காட்லாந்துக்காரரான சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே கணக்குப் போட்டுவிட்டார்: மேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் வரை சேரலாம், அது எலெக்ட்ரான்களை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக விரட்டும். ஆனால் பலூனில் கருவி கட்டி அனுப்பியவர்களுக்குக் கிடைத்ததோ 13 கோடிதான். பல மைல் விரிந்த மேகத்தில் பலூன் போவது ஒற்றைத் தடம்.

1994இல் புதிர் பெரிதானது. விண்மீன்களைப் பார்க்க நாசா அனுப்பிய காம்ப்டன் செயற்கைக்கோளில், பூமியின் இடிமேகங்களிலிருந்து கிளம்பிய காமா கதிர்கள் பதிவாகியிருந்தன. பிற்பாடு கண்டவற்றில் சில, 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தொட்டன. எலெக்ட்ரான்கள் வழியில் காற்றில் மோதி ஆற்றலை இழந்துகொண்டே போவதால், அவ்வளவு ஆற்றலுக்குப் பலூன் சொன்ன கணக்குப் போதாது.

விடை ஊட்டியிலிருந்து வந்தது. அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம், வானிலிருந்து இறங்கும் மியூவான் துகள்களை இரவு பகலாக எண்ணுகிறது. 560 சதுர மீட்டர் பரப்பு; நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான். அண்டக் கதிர்களை ஆராயத்தான் அதைக் கட்டினார்கள். மேகத்தைத் தொடாமலே அதன் மின்னழுத்தத்தை அளக்க அதுவே வழியானது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது. மியூவான்களில் நேர் மின்னூட்டம் உள்ளவை சற்று அதிகம். மேகத்தின் மின்புலம் அவற்றின் ஆற்றலைக் குறைத்தால், கருவி வரை வந்து சேர்பவை குறையும். எதிர் மின்னூட்டம் உள்ளவற்றுக்கு ஆற்றல் கூடினாலும் அந்தக் குறை முழுக்க அடைபடாது.

2014 டிசம்பர் 1, கார்த்திகை மாதம். நீலகிரிமேல் வந்த இடிமேகம் ஒன்று 18 நிமிடம் எண்ணிக்கையை ஏறத்தாழ 2 சதவீதம் குறைத்தது. அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று கணினியில் போட்டுப் பார்த்தார்கள்: 130 கோடி வோல்ட். மேகத்தின் பரப்பு 380 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. 2019இல் முடிவு வெளியானது. வில்சன் மறைந்து அப்போது 60 ஆண்டு.

ஐப்பசியில் மேகம் கறுக்கும்போது வயலில் நிற்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பனையடியில் ஒதுங்க வேண்டாம், உடனே வீட்டுக்குள் போய்விடச் சொல்லுங்கள்.