டம்ளரும் பெஞ்சும்

ஞாயிறன்று குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடுவது இன்று சாதாரணம். நாகலாபுரம் சுற்றியுள்ள கரிசல் பூமியில் டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கே நம் மக்கள் போராட வேண்டியிருந்தது. முதலில் சிரட்டை, பிறகு தனி டம்ளர், அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, உணவு விடுதிகளில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 4ஆவது பிரிவில், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. அதன் பிறகும் இரட்டை டம்ளர் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பேப்பர் கப் வந்ததும் சாட்சியாகக் காட்ட டம்ளர் இல்லாமல் போனது. ஆகவே, கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் பெஞ்சைக் கவனியுங்கள்: உட்கார்ந்து குடிப்பவர் யார், நின்று குடிப்பவர் யார் என்று எழுதுங்கள்.