ஆக்சுபர்க் அச்சுப்படங்களில் சேரநாட்டுக் கடற்கரை

பழைய அச்சுப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வார், கோடுகளின் நுண்மையையே உண்மைக்கு உரைகல்லாகக் கருதிவிடுதல் உண்டு. இஃது எத்துணைப் பொருந்தும் என்பதனைப் பண்டைச் சேரநாட்டுக் கடற்கரை பற்றிய சில செருமானியப் படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1505இல் அல்மெய்தா என்னும் போர்ச்சுகீசியத் தலைவரின் கப்பற்படையுடன், செருமானிய வணிகர் சார்பில் பல்த்தசார் சுபிரெங்கர் என்பார் புறப்பட்டு இந்தியா வந்து, 1506இல் மீண்டார். அவர் தந்த செய்திகளைக் கொண்டு, ஆக்சுபர்க் நகரத்து ஓவியர் அன்சு புர்க்மையர் 1508இல் மரப்பலகையிற் செதுக்கி அச்சிடும் நீண்ட படவரிசை ஒன்றை வரைந்தார். கினி, தென்னாப்பிரிக்கா, அரேபியா, இந்தியா எனக் கடல்வழி நெடுகிலுமுள்ள மக்கள் அதனுள் இடம்பெறுவர். கொச்சி மன்னன் ஆட்கள் சுமக்கச் செல்கின்றான். புர்க்மையர் கீழ்நாடு கண்டவரல்லர். ஆயினும் தோலாடையையும் செருப்பையும் வேறுபடுத்திக் காட்டிய திறம் வியக்கத்தக்கது. உடலின் நிலையும் தசைத்திரட்சியுமோ இத்தாலியக் கலைமரபைச் சார்ந்தன.

மரப்பலகையிற் கோடொழிந்த இடமெல்லாம் வெட்டியெடுக்கப்படும். எஞ்சிய மேடே மையேற்கும். ஆதலின் ஐயத்தோடு கூறுதற்கு அம்முறையில் இடமில்லை. கண்டதும் கேட்டதும் ஒரே அழுத்தத்துடன் தாளிற் பதியும்.

பேரரசர் மாக்சிமிலியனின் வெற்றியுலாப் படத்தொகுதிக்காகப் புர்க்மையரே பின்னர் வரைந்த கள்ளிக்கோட்டை மக்களை நோக்குக. யானையோடு வருவாருட் பலர் இறகாடை உடுத்துள்ளனர், தண்டேந்தியுள்ளனர், மக்காச்சோளக் கதிரும் காணப்படுகின்றது. இறகாடையும் தண்டும் பிரேசில் நாட்டுத் துப்பினம்பா மக்களுடையன. மக்காச்சோளம் அமெரிக்கப் பயிர். பொருள்களை நேரிற் கண்டே வரைந்தார் என எண்ணுமளவிற்கு அவை செவ்வையாக உள்ளன. பிழை கோட்டில் இல்லை, பெயரில் உள்ளது. தொலைநாடு அனைத்தையும் சுட்டும் பெயராகக் கள்ளிக்கோட்டை அவர்க்கு ஆகிவிட்டது.

இதனினும் விந்தையானது பிறிதொன்று. இத்தாலியரான வர்த்தேமாவின் பயணநூல் 1515இல் ஆக்சுபர்க்கிற் செருமானிய மொழியில் வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்த யோர்க் பிராய், கள்ளிக்கோட்டைத் தெய்வத்தைக் கொம்புடைப் பேயாக்கி, அதன் தலையிற் போப்பாண்டவரின் மும்முடியையும் வைத்தார்! இது முற்றும் ஓவியர் புனைவன்று. வர்த்தேமாவே அம்முடியைப் போப்பின் முடியோடு ஒப்பிட்டிருந்தார். நம் இலக்கணத்தார் வழிநின்று கூறின், நூலின் உவமை படத்தில் உருவகமாயிற்று. ‘போல’ என்னும் உருபு செதுக்குக்கோட்டிற்கு இல்லையன்றோ? இத்தகைய பேயுருவங்கள் இந்தியச் சிற்பம் பற்றிய ஐரோப்பியர் நோக்கை நெடுங்காலம் திரித்தமையைப் பார்த்தா மித்தர் 1977இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார்.

எனவே ஒரே படத்துள்ளும் கண்டது எது, கைக்கு வந்த பொருள் எது, செவிவழிச் சொல் எது எனப் பிரித்தறிந்த பின்னரே அதனைச் சான்றாக்கல் தகும். 1792இல் மதுரைக்கு வந்த தாமசு டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்கள் வேறு வகையின. அவர்கள் இருட்பெட்டிக் கருவியின் துணைகொண்டு நேரிற் கண்டு வரைந்தவர்கள். அழகு கருதிச் சேர்த்தனவும் விடுத்தனவும் அவற்றினும் இருக்கலாம். எனினும் திருமலை நாயக்கர் அரண்மனை, நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த 1866 - 1872 காலத்திற் செப்பனிடப்படுமுன் எந்நிலையில் இருந்தது என ஆராய்வார்க்கு அவர்தம் படம் உற்ற துணையாகும்.