சுனாமியில் பிறந்த மென்பொருளும் அலுமாரியில் கிடந்த புத்தகமும்

சென்ற வாரம் பத்தாம் தர வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், வட்ஸ்அப்பில வாற பிடிஎஃப் புத்தகத்த மத்தவங்களுக்கு அனுப்பினா அது களவா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையிலிருந்த பிடிஎஃப்களில் ஒன்றை அனுப்பியவன் நான்தான்.

அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நமது கடற்கரையிலேயே தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26. கிண்ணியாவிலும் மூதூரிலும் அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு வந்த நாட்களில் நாம் பட்ட பாடு வேறு. காணாமல் போனவர்களின் பெயர்கள் ஒரு முகாமில் தாளில், அடுத்த முகாமில் கொப்பியில். ஒரே பிள்ளையின் பெயர் மூன்று விதமான எழுத்தில். ஓர் இடத்தில் அரிசி குவிந்து கிடக்க, இன்னோர் இடத்தில் குழந்தைக்குப் பால்மா இல்லை.

அதே நாட்களில் கொழும்பில் சில கணினி இளைஞர்கள் இந்தச் சிக்கலைத்தான் பிடித்தார்கள். 2003இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் மூலம், தொண்டர்களாகச் சேர்ந்து, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு எல்லாம் ஒரே இடத்தில். பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. மூல நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் வரிகளை, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டார்கள். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது சஹன அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கு, 2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கு. யாரும் இலங்கைக்குக் கடிதம் எழுதி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி உரிமத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006இல் சஹனவுக்குக் கிடைத்தது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "கட்டற்ற மென்பொருள் என்றால் உரிமையாளர் இல்லாதது" என்று நினைக்கிறோம். அப்படியல்ல. றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1989இல் ஜிபிஎல் உரிமத்தை வெளியிட்டபோது, பதிப்புரிமைச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. அதையே பிடித்துக்கொண்டார். "இது என்னுடையது. நீயும் பயன்படுத்து, மாற்று, பகிர். மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அவர்களுக்கும் இதே சுதந்திரத்தைக் கொடு" என்பதே அதன் சாரம். சட்டம் இல்லாவிட்டால் அந்த நிபந்தனைக்கு வலு இல்லை. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலைப் புத்தகத்தோடு சேர்த்தே பாதுகாக்கிறது. விண்டோஸைக் காக்கும் அதே சட்டந்தான் சஹனவையும் காக்கிறது. பூட்டுவதும் திறப்பதும் எழுதியவரின் கையில்.

ஆனால் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமையாளர் முறைப்பாடு கொடுத்தால் இணையத்தளம் அந்தப் பதிவை உடனே நீக்கிவிடும். நியாயம் பிறகுதான் பேசப்படும். இதைவிடக் கடுமையான சட்டமொன்று வரவிருந்தபோது, 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன் பக்கங்களை மூடி எதிர்ப்புக் காட்டியது. அந்த மசோதா கைவிடப்பட்டது. படைப்பாளியைக் காக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பெயரில் அறிவின் வாசலையே அடைக்கலாமா என்பதுதான் அன்றைய விவாதம். இன்றும் அது முடியவில்லை.

நம்மைப் பொறுத்தவரை இது தூரத்து விவாதமல்ல. நமது சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். எங்கள் ஊரில் ஒருவர் 1960களில் ஒரு சிறு கவிதைப் புத்தகம் அச்சிட்டார். 1971இல் மறைந்தார். அதன் உரிமை 2041 முடியும்வரை அவர் வாரிசுகளுக்கு. 1990இல் ஒரு இடப்பெயர்வு, 2004இல் கடல், 2006இல் மூதூரிலிருந்து இன்னொரு இடப்பெயர்வு. எத்தனை வீட்டு அலுமாரிகள் போயின! எனக்குத் தெரிய அந்தப் புத்தகத்தில் மிஞ்சியது ஒரே பிரதி. 2041 வரை கறையான் காத்திருக்குமா?

நான் வகுப்புக்கு அனுப்பிய பிடிஎஃப் அதுதான். நல்ல நோக்கம். ஆனால் யாரிடமும் கேட்கவில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் செய்வதைப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. எழுத்தாளர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி கேட்டுப் பெறுவதும் அதன் வேலையில் ஒரு பகுதி. மெதுவான வேலை. ஆனால் அப்படி வந்த புத்தகத்தை எவரும் முறைப்பாடு கொடுத்து இறக்க மாட்டார்கள்.

ஆகவே நேற்று அந்தக் கவிஞரின் மகளைத் தேடிப் போனேன். விசயத்தைச் சொன்னதும், "வாப்பாட புத்தகம் இன்னும் இருக்கா?" என்று அழுதுவிட்டார். அவரும் சகோதரர்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் விரைவில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்த மாணவனுக்கு என் பதில்: அனுப்புவதற்கு முன் எழுதியவர் யார் என்று பார். அவர் அனுமதித்திருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் கேள். கேட்காமல் அனுப்பியது என் பிழை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மலரோ, கவிதைப் புத்தகமோ, பாடசாலைச் சஞ்சிகையோ இருக்கலாம். எழுதியவர் உயிரோடிருந்தால் இன்றே அனுமதிக் கடிதம் வாங்கி வையுங்கள். கடல் நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது.