சத்தமில்லாமல் இடிகிற வீடுகள்

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பிறகு சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது; ராயபுரம் மவுசு இழந்து சிதிலமாகிக் கிடந்தது. ஆனால் கட்டடம் சிதைந்தால் கண்ணுக்குத் தெரியும். போகிறவர் வருகிறவர் 'அடடா' என்பார்கள். யாராவது பத்திரிகைக்கு எழுதுவார்கள். 2005-ல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள்.

இணையதளத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வருஷக் கட்டணம் கட்டத் தவறினால் விலாசமே வேறொருவருக்குப் போய்விடும். ஜியோசிட்டீஸ் என்று ஓர் இடம் இருந்தது. லட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள் அங்கே இலவசமாகப் பக்கம் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ கம்பெனி அமெரிக்காவில் அதன் கதவைச் சாத்திற்று. மிஞ்சியவை, சிலர் அவசரமாக வாரிச் சேர்த்த பிரதிகள்தான்.

இப்படி வாருவதையே தொழிலாகக் கொண்ட ஸ்தாபனம் ஒன்று உண்டு. ப்ரூஸ்டர் கேல் என்ற அமெரிக்கர் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் அது. உலகத்து இணையப் பக்கங்களை இயந்திரங்கள் ஓயாமல் நகல் எடுத்து, தேதி போட்டு வைக்கின்றன. 2001 முதல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2025-ல் கணக்கு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. அது குடியிருப்பது ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பழைய மாதாகோயிலில். அங்கேயும், ராயபுரத்தைப் போலவே, வாசலில் வரிசையாகத் தூண்கள்!

தமிழுக்கு இன்னொரு தொல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு. பக்கம் பிழைத்திருந்தாலும், அந்த எழுத்துரு கைவசமில்லாவிட்டால் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். பூட்டு இருக்கிறது, சாவி தொலைந்தது என்கிற கதை.

பழம்பெருமைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எண்ணூர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். 2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு போன்ற சேதம் எதுவுமில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை சொல்லிற்று. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் கறுப்புக் குழம்பை வாளி வாளியாக அள்ளினார்கள். முதலில் என்ன சொன்னார்கள், எப்போது மாற்றிச் சொன்னார்கள் என்பது நஷ்டஈடு கேட்கிறவனுக்கு உயிரான சங்கதி அல்லவா? வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைய பக்கம் அன்றைய தேதியோடு கையில் இருக்கவேண்டும்.

நகலெடுக்கும் இயந்திரம் தனக்குத் தோன்றும்போதுதான் வரும். காலையில் ஒட்டி மாலையில் கிழிக்கிற நோட்டீஸ் அதன் கண்ணில் படாமலே போகலாம். ஆனால் அந்தத் தளத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் விலாசத்தை அதில் இட்டால், பெரும்பாலும் அப்போதே நகல் எடுத்துவிடும். காசு கிடையாது. வாளி தூக்கிய அந்தப் பையன்களின் சட்டைப்பையில் இருந்த போனே இதற்குப் போதும்.