செகண்ட் ஹேண்டில் ஒரு நீர்மூழ்கி

செகண்ட் ஹேண்டில் சைக்கிள் வாங்கியிருப்பீர்கள். பைக் வாங்கியிருப்பீர்கள். நீர்மூழ்கிக் கப்பல் வாங்கியிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரோ இருவரோ மட்டும் உட்காரக்கூடிய குட்டி நீர்மூழ்கி. யாரோ ஒருவர் கட்டி, கொஞ்ச நாள் ஓட்டி, அலுத்துப்போய்க் கொட்டகையில் போட்டு வைத்தது. அதை விலை பேசி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துரு சுரண்டி, பேட்டரி மாற்றி, பெயின்ட் அடித்து ஏரியில் இறக்குவார்கள். பழைய புல்லட்டை வாங்கி ரிப்பேர் பார்த்து ஓட்டுகிறோமே, அதே பைத்தியம்தான். ஒரு சின்ன வித்தியாசம், புல்லட் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வரலாம்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ரொம்பப் பிரபலமான பழைய நீர்மூழ்கியின் விலை ஒரு டாலர்!

ஹ்யூபர்ட் வில்கின்ஸ் என்று ஒரு ஆஸ்திரேலியர். துருவப் பகுதிகளில் விமானத்தில் பறந்து பெயர் வாங்கியவர். ஆர்க்டிக் பனிக்கு மேலே பறந்தாகிவிட்டது, இனி அடியிலே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. புது நீர்மூழ்கி கட்டப் பணம் இல்லை. அமெரிக்கக் கடற்படையிடம் ஓ-12 என்ற பழைய நீர்மூழ்கி ஒன்று இருந்தது. 1918-ல் படையில் சேர்ந்தது, 1924-லேயே ஓய்வு கொடுத்து ஓரமாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு அதைக் கொடுத்தார்கள். அதை முதலில் கட்டிய கம்பெனியின் முதலாளி சைமன் லேக்கே புதுப்பித்துத் தரவும் முன்வந்தார். பனியைத் துளைத்து மேலே வர ஒரு டிரில், முட்டினால் அதிர்ச்சி தாங்க முன்பக்கம் ஒரு மெத்தை மாதிரி அமைப்பு என்று என்னென்னவோ பொருத்தினார்கள். 1931 மார்ச்சில் 'நாட்டிலஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் சூட்டு விழாவுக்கு ஜூல்ஸ் வெர்னின் பேரனே வந்திருந்தார். பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட் பணம் கொடுத்தார். தடபுடல்தான்.

ஆனால் உள்ளே இருந்த எஞ்சின்? அது பழையதுதான். 1931 ஜூனில் அட்லாண்டிக் நடுக்கடலில் எஞ்சின்கள் கைவிட்டன. எஸ்.ஓ.எஸ். அனுப்பி, வயோமிங் என்ற போர்க்கப்பல் வந்து அயர்லாந்து வரை கட்டி இழுத்துப் போனது. இங்கிலாந்தில் ரிப்பேர் பார்த்து, நார்வே வழியாகப் பனிப் பகுதிக்குப் போய்ச் சேரும்போது ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டது. உள்ளே குளிர் தாங்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முங்குவதற்குத் தயாரானபோது பார்த்தால், பின்பக்கம் இருக்க வேண்டிய முங்கு துடுப்புகளைக் காணோம்! நீர்மூழ்கியின் மூக்கைக் கீழே சாய்ப்பதும் மேலே தூக்குவதும் அவைதான். உயிருக்குப் பயந்த மாலுமிகளில் யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று வில்கின்ஸ் சந்தேகப்பட்டார். அப்படியே செய்திருந்தாலும் அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

வில்கின்ஸ் விடவில்லை. ஆகஸ்ட் 31 அன்று துடுப்பு இல்லாமலே பனிக்கு அடியில் மூக்கை நுழைத்துக் காட்டினார். துருவம் வரைக்கும் போக முடியவில்லை. கூடப் போன ஸ்வெர்ட்ரூப் என்ற விஞ்ஞானி சேகரித்த கடல் அளவீடுகள்தான் மிச்சம். அவை உருப்படியானவை. அந்த நவம்பரிலேயே நார்வேயின் பெர்கன் பக்கம் நாட்டிலஸைக் கடலில் மூழ்கடித்தார்கள்.

இது பெரிய கப்பல் கதை. குட்டி நீர்மூழ்கிகள் சந்தைக்கு வந்தது இன்னும் முப்பது வருடம் கழித்து. ஃபுளோரிடாவில் ஜான் பெர்ரி என்ற பத்திரிகை அதிபர் 'கப்மரின்' என்ற பெயரில் சின்ன நீர்மூழ்கிகளைக் கட்டி விற்க ஆரம்பித்தார். 1966-ல் ஸ்பெயின் அருகே கடலில் விழுந்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டைத் தேடியபோது அதில் ஒன்றும் வேலை பார்த்தது. அடுத்த பத்து வருடத்தில் கடலடி எண்ணெய்க் கிணறுகளில் இதற்கு நல்ல கிராக்கி. பிறகு கயிறு கட்டி மேலிருந்து ஓட்டும் ஆளில்லா ரோபோக்கள் வந்தன, ஆள் போகும் நீர்மூழ்கிகளுக்கு வேலை போனது. அவற்றில் சில தனியார் கைக்கு வந்தன.

இன்னொரு பக்கம் ஜார்ஜ் கிட்ரெட்ஜ். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கி கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெய்ன் மாநிலத்தில் இருந்துகொண்டு கே-250 என்று ஒருவர் மட்டும் உட்காரும் நீர்மூழ்கியைக் கட்டி விற்றார். 250 அடி ஆழம் போகும் என்பதால் அந்தப் பெயர். கே-350 என்று கொஞ்சம் பெரியதற்கு வரைபடமும் விற்றார். வெல்டிங் தெரிந்தவன் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். இன்று பழையதாகக் கைமாறும் குட்டி நீர்மூழ்கிகளில் கிட்ரெட்ஜ் பெயர் அடிக்கடி வரும்.

சரி, இப்படி ஒன்றை வாங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 100 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 10 கிலோ. 30 செ.மீ. அகல வட்ட ஜன்னல் ஒன்று இருந்தால், அதன் மேல் மட்டும் சுமார் 7 டன்! இதைத் தாங்குவது தகட்டின் கனம் மட்டும் அல்ல, அதன் வடிவம். உருளை சரியான வட்டமாக இருக்கும்வரை அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பிரியும். லாரியில் ஏற்றும்போது எங்கோ இடித்து ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தால் போச்சு. அந்த இடத்தில்தான் மடங்க ஆரம்பிக்கும். மடங்க ஆரம்பித்தால் நிற்காது.

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பெயின்ட்டைச் சுரண்டித் தள்ளுவார்கள். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை இடம் இடமாக அளப்பார்கள், துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். வெல்டிங் மேல் சாயம் தடவி விரிசல் தேடுவார்கள். அக்ரிலிக் ஜன்னல்களுக்கு வயது உண்டு. வெயிலிலும் அழுத்தத்திலும் உள்ளுக்குள் மெல்லிய கீறல் விடும், அதனால் தயங்காமல் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிது. கடைசியில் உள்ளே யாரும் இல்லாமல், கயிற்றில் கட்டி, தான் போக நினைக்கிற ஆழத்தைவிட அதிக ஆழத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள். முழுசாக மேலே வந்தால் அடுத்த முறை ஆள் ஏறலாம்.

இத்தனைக்கும் மேலே ஒரு நோட்டுப் புத்தகம். பைக்குக்கு ஆர்.சி. புக் மாதிரி. இதுவரை எத்தனை முறை முங்கியது, அதிகபட்சம் எவ்வளவு ஆழம், எங்கே வெல்டிங் திரும்பப் போட்டார்கள், யார் கணக்குப் போட்டது. ஒவ்வொரு முறை முங்கும்போதும் உடல் கொஞ்சம் அமுங்கி விரிகிறது. அந்தக் கணக்கு தெரியாத நீர்மூழ்கியில் நீங்கள் வாங்குவது இரும்பை மட்டும்தான்.

இந்த மாதிரி விஷயத்தில் ஆசை மட்டும் போதாது என்பதற்கு நியூயார்க்கில் ஜெர்ரி பியான்கோ. புரூக்ளின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1956-ல் மூழ்கிய ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிக் கப்பலை மேலே தூக்கிவிட வேண்டும் என்பது அவர் கனவு. பழைய இரும்பைத் தேடிப் பிடித்து 45 அடி நீளத்தில் சொந்தமாக ஒரு நீர்மூழ்கி கட்டினார். மஞ்சள் நிறம், காரணம் அந்தப் பெயின்ட்தான் மலிவாகக் கிடைத்ததாம். 1970-ல் கிரேன் வைத்து இறக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எடை சமமாக வைக்காத நிலையில், அவர் சொன்னதை மீறி முழுசாக இறக்கிவிட்டார்கள். பிறகு சரி செய்தார், ஆனால் பணம் தீர்ந்துபோனது. கோனி ஐலண்ட் ஓடையின் சேற்றில் அது துருப்பிடித்துக் கிடக்கிறது. பரிதாபம்தான். ஆனாலும் யாரும் சாகவில்லை.

அடுத்தவர் கதை அப்படி முடியவில்லை. ஸ்டாக்டன் ரஷ். பெயர் கேட்ட மாதிரி இருக்கும். டைட்டன் என்றால் உடனே ஞாபகம் வரும். எல்லோரும் அவரைத் திமிர் பிடித்த பணக்காரர் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் ஆரம்பித்தது அசல் பொழுதுபோக்குக்காரராக! விமானப் பொறியியல் படித்தவர், 1989-ல் ஒரு சிறு விமானத்தைத் தானே கட்டி ஓட்டினார். பிறகு ஒரு நீர்மூழ்கி வாங்கலாம் என்று தேடினார், சரியாக எதுவும் அமையவில்லை. ஓய்வுபெற்ற கடற்படை நீர்மூழ்கி அதிகாரி ஒருவரின் வரைபடத்தை வைத்து, 2006-ல் 12 அடி நீளத்தில் ஒன்றைத் தானே கட்டி முடித்தார். 2009-ல் ஓஷன்கேட் கம்பெனி. அதன் முதல் நீர்மூழ்கி ஆன்டிபோடீஸ், செகண்ட் ஹேண்ட்! 1970-களில் கட்டிய எஃகு உடல், 305 மீட்டர் வரை போகும். அடுத்து சைக்ளாப்ஸ் 1. அதுவும் அசோர்ஸ் தீவுகளில் ஓடிக்கொண்டிருந்த 'லூலா' என்ற பழைய நீர்மூழ்கியின் எஃகு உடலை வாங்கி, உள்ளே எல்லாம் மாற்றியதுதான். 500 மீட்டர்.

2016-ல் சைக்ளாப்ஸை எங்கே கொண்டு போனார் தெரியுமா? பியான்கோவின் அதே ஆண்ட்ரியா டோரியாவுக்கு. வேண்டாம் என்று சொல்லியும் ரஷ் தானே ஓட்டி, சிதைந்த கப்பலின் முன்பக்கத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டார் என்றும், கடைசியில் தான் கட்டுப்பாட்டை வாங்கி வெளியே கொண்டு வந்ததாகவும் டேவிட் லாக்ரிட்ஜ் 2024-ல் விசாரணையில் சாட்சி சொன்னார். இவர் கம்பெனியின் அப்போதைய கடல் நடவடிக்கை இயக்குநர். சிக்கினாலும் அந்த எஃகு உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்குப் போக எஃகு கனம் என்று ரஷ் கார்பன் ஃபைபருக்குப் போனார். மனிதர் ஏறி இவ்வளவு ஆழம் திரும்பத் திரும்பப் போவதற்கு அப்படி ஒரு உருளையை யாரும் நிரூபித்ததில்லை. 2018-ல் லாக்ரிட்ஜ் குறைகளை எழுதிக் கொடுத்தார், வேலை போனது. அதே வருடம் இந்தத் துறை ஆட்கள் பலர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். எந்த அமைப்பிடமும் சான்றிதழ் வாங்கவில்லை.

முதலில் செய்த உருளையில் 2019-லேயே விரிசல் வந்து, வேறு உருளை செய்தார்கள். 2022 ஜூலை 15, டைட்டனின் 80-வது முங்கல். மேலே வரும்போது பெரிய சத்தம். உடல் தன் சட்டத்துக்குள் நகர்ந்து உட்கார்ந்த சத்தம் என்று ரஷ் விளக்கம் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க டைட்டன் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் ஊரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், மேலே கூரை இல்லாமல், பனியில் கிடந்தது. 2023 ஜூன் 18 அன்று ரஷ்ஷோடு ஐந்து பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் 19 வயது மாணவர். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தொடர்பு இல்லை.

தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கை கொடுத்தது. 80-வது முங்கலுக்குப் பிறகு உடலில் ஏற்பட்ட மாற்றம், டைட்டனில் பொருத்தியிருந்த கருவிகளிலேயே பதிவாகி, கம்பெனியின் சொந்தக் கணினியில் இருந்திருக்கிறது. அதை ஒழுங்காக உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.