நின்றால் சூடேறும் கார்

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிவந்த கார், ஊருக்குள் நுழைந்து நெரிசலில் நின்றதும் சூடேறுகிறது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. நெரிசல் நீங்கிக் கார் வேகமெடுத்ததும் முள் தானாகவே இறங்கிவிடுகிறது. ஓடும்போது குளிர்ந்தும் நிற்கும்போது சூடேறியும் இருப்பது ஏன்? இதற்கு விடை மோட்டார் காரின் வரலாற்றில் இருக்கிறது.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர் சுமந்து செல்கிறது. இவ்வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் உருளையின் தலைப்பகுதி கோணிவிடும். பிஸ்டன் உருளைக்குள் இறுகிவிடும்.

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. உருளையைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வகை வண்டியில் புறப்பட்டார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் அடிக்கடி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

நீரை ஆவியாக இழக்காமல், ஆறவைத்து மீண்டும் பயன்படுத்தினால் என்ன? இம்முயற்சியில் பெருவெற்றி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடஸ் காரில் அவர் தேனடை போன்ற ரேடியேட்டரைப் பொருத்தினார். அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாயுடைய 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களின் உள்ளே காற்றும், அவற்றின் இடையே நீரும் ஓடின. காற்றுப்படும் பரப்பு பெருகியதால் 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று.

ஆனால் ரேடியேட்டருக்குக் காற்றைக் கொண்டுவருவது காரின் வேகமே அல்லவா? கார் மெதுவாகச் சென்றால் காற்றும் குறைந்துவிடும். ஆகவே மேபாக் ரேடியேட்டரின் பின்புறம் ஒரு விசிறியை அமைத்தார். வேகம் தர முடியாத காற்றைத் தருவதே அதன் வேலை. இன்றும் அதன் வேலை அதுதான்.

1908-இல் வெளிவந்த ஃபோர்டின் 'மாடல் டி' காரில் விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றியது. எஞ்சின் ஓடும்வரை விசிறியும் சுழலும். நெடுஞ்சாலையில் தேவையின்றிச் சுழன்று ஆற்றலை வீணாக்கும். பிற்காலத்தில் எஞ்சினைக் குறுக்காகப் பொருத்தும் கார்கள் வந்தபோது மற்றொரு சிக்கலும் எழுந்தது. எஞ்சின் தண்டின் முனை பக்கவாட்டில் திரும்பிவிட்டதால், முன்புற ரேடியேட்டருக்கு நேரே உள்ள விசிறியைப் பெல்ட்டால் சுழற்றுவது கடினமாயிற்று. இத்தாலியில் 1969-இல் வந்த ஃபியட் 128 போன்ற கார்களில் மின்விசிறி இடம்பெற்றது. நீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் அது சுழலும், ஆறியதும் நின்றுவிடும்.

இப்போது நம் காருக்கு வருவோம். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் விசிறியையே ஐயுற வேண்டும். பழைய வகையானால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மின்விசிறியானால் அதன் இணைப்பைக் கழற்றி, மின்கலத்திலிருந்து பியூஸ் உள்ள கம்பி வழியாக நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். சுழலாவிட்டால் மோட்டார் பழுது. சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. குறை பியூஸ், ரிலே, வெப்ப உணர்வி, கம்பி இவற்றில் ஒன்றில் இருக்கும். மாறாக, வேகமாக ஓடும்போதும் சூடேறினால் விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை. நீர்க்கசிவு, அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட், பழுதான நீர்ப்பம்பு இவற்றைத் தேட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சினை நிறுத்திய பிறகும் சில கார்களில் மின்விசிறி திடீரெனச் சுழலும். கையை நீட்டக் கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் கொதித்து முகத்தில் பீறிடும்.

காரின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. அது பழுதுபட்டால் பழைய குறை திரும்பி வருகிறது. எந்தக் குறை திரும்பியது என்று கவனித்தால், பழுதான உறுப்பு எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.